திண்ணைக்கு வந்த பூனையும் தயையின் இலக்கணமும்



பிரம்மோற்சவ நாள்களில் வாகன மண்டபத்தின் கதவுகள் திறக்கப்படுகின்றன. கருடன், அநுமன், சேஷன், அன்னம், யானை, குதிரை, சிம்மம் என எம்பெருமானைத் தாங்கும் பேறு பெற்ற உயிர்களின் திருவுருவங்கள் ஒவ்வொன்றாக வீதிக்கு எழுந்தருளுகின்றன. தந்தையின் தோளில் அமர்ந்த சிறுவர்கள் அவற்றின் பெயரைச் சொல்லி மகிழ்கின்றனர். பசுவுக்குக் கோசாலை உண்டு. அணிலுக்கு வாகனம் இல்லையாயினும் சேது கட்டிய வரலாற்றில் ஓரிடம் உண்டு. வால்மீகி பகவான் அதனைப் பாடாவிடினும், தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் எடுத்தருளியமையால் அது நிலைபெற்றுவிட்டது.

இவ்வரிசையில் பூனைக்கு மட்டும் இடமில்லை. திருமடைப்பள்ளியின் பின்புறச் சுவரோரம், தளிகை மணம் வரும் திசை நோக்கி அது அமர்ந்திருக்கும். தீர்த்தக் குடத்துடன் வருபவர் எதிரில் அது குறுக்கே சென்றால் சகுனத் தடை என்று நின்றுவிடுவர். வளர்ப்பார் ஒருவரும் இல்லாமல், எல்லா இல்லங்களின் கொல்லையிலும் வாழும் அப்பிராணிக்குக் காயம் ஏற்பட்டுச் சீழ் வடியுமானால் அதற்கு மருந்திடும் கடமை யாருடையது? அதிலும், தன் குடும்பத்துக்கே மாதக் கடைசியில் போதிய பொருள் இல்லாத ஒருவன் வாயிலில் அது வந்து படுத்தால் அவன் செய்யத்தக்கது யாது? கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆயின் தயை, தானம், கர்மம், குடும்ப தர்மம் ஆகிய நான்கும் இச்சிறு கேள்வியில் வந்து முட்டுகின்றன.

எந்தத் திவ்யதேசத்திலும் காணக்கூடிய ஓர் இல்லத்தை மனத்தில் கொள்க. மாடவீதியில் ஓட்டு வீடு. குடும்பத் தலைவர் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர். சம்பளம் சிறிது, அதுவும் குறித்த நாளில் வருவதில்லை. மகளின் கல்லூரித் தேர்வுக் கட்டணத்துக்கான தொகை அஞ்சறைப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டுள்ளது. பூஜை அறையில், சென்ற ஆண்டு அப்பெண் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது பாட்டி வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு தொங்குகிறது. இவ்விரண்டைத் தவிர அவ்வில்லத்தில் ரொக்கம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஒரு நாள் விடியற்காலை கோலமிட வாயில் திறந்த இல்லத்தரசி, திண்ணையின் மூலையில் கழுத்து வீங்கி, வீக்கம் உடைந்து, ஈ மொய்க்கும் புண்ணுடன் ஒரு பூனை கிடப்பதைக் காண்கிறாள். விரட்டினாள், அது போகவில்லை. போகச் சக்தி இல்லை.

தலைவர் வெளியே வந்து பார்த்துச் சொன்னது இதுதான்: “நமக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை. அதது அதன் கர்மம். தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வா.” அச்சொற்களைக் கொடுமை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. பொருள் முடைப்பட்டவன் வாயிலிருந்து வரும் சொல் பெரும்பாலும் இரக்கமின்மையால் வருவதன்று. இரக்கம் தொடங்கிவிட்டால் அது எங்கே கொண்டு நிறுத்துமோ என்னும் அச்சத்தால் வருவது. அவர் சொன்னதில் இரண்டு வாதங்கள் உள்ளன. ஒன்று வறுமை, மற்றொன்று கர்மம். இரண்டையும் சாஸ்திர முகமாக நோக்குதல் தகும்.

முதற்கண் அப்பூனையின் தகுதியைப் பற்றி ஒரு சொல். நூல்கள் அதற்கு நற்பெயர் அளித்தன என்று கூறுவதற்கில்லை. மனு ஸ்மிருதி நான்காம் அத்தியாயத்தில், உள்ளே பேராசையும் வெளியே தர்மக் கொடியும் உடைய வேடதாரியைப் ‘பைடாலவிரதிகன்’, அதாவது பூனை நோன்பு நோற்பவன் என்று பெயரிட்டு இகழ்கிறது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி பெரும்பாறையில் வடித்த தவக் காட்சியில், முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் புரியும் பூனையையும் அதனை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் இன்றும் காணலாம். சிற்பியின் நகை கல்லிலும் மறையவில்லை.

ஆயினும் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்துக்குள் பூனை நுழைந்த வாயில் வேறு. சரணாகதியின் தன்மையை விளக்க ஆசார்யர்கள் இரு நியாயங்களை எடுத்தனர். தாய்க் குரங்கைக் குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்ளும். அது மர்க்கட நியாயம். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்யாது. தாயே அதனை வாயால் கவ்வி இடம் விட்டு இடம் கொண்டு செல்லும். அது மார்ஜார நியாயம். இவ்விரண்டில் எது சித்தாந்தம் என்னும் வாதத்தை உற்சவ மலரில் எழுப்புவது முறையன்று. உற்சவத்திலும் அது எழாதிருப்பதே நலம். கருதத்தக்கது வேறொன்று. சேதனனைத் தானே எடுத்துச் செல்லும் பரமாத்மாவின் கிருபைக்கு உவமையாக இப்பூமியில் கிடைத்தது பூனையின் வாய். அதே வாயிலுள்ள பற்களே மற்றொரு பூனையின் கழுத்தில் பதிந்து இப்புண்ணையும் உண்டாக்கின. ஒரே வாய் குட்டிக்குத் தொட்டிலாகவும் பகைக்கு வாளாகவும் இருக்கிறது. மனிதர் வாயும் அப்படித்தான் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனித் தயை. இதன் இலக்கணத்தைப் பற்றியும் இரு கலையாரிடையே நுட்பமான கருத்து வேறுபாடு உண்டு என்பதைப் பலர் அறியார். தயையாவது பரதுக்க துக்கித்வம், அதாவது பிறர் துன்பம் கண்டு தானும் துன்புறுதல் என்பர் ஒரு சாரார். ஸ்ரீராமாயணம் அயோத்தியா காண்டத்தில், மக்களுக்கு இடர் நேர்ந்தபோது மிகவும் வருந்துபவன் என்று இராமபிரானின் குணம் பேசப்படுவது அவர்களுக்குப் பிரமாணம். மற்றொரு சாரார், ஆனந்தமயனும் தோஷமற்றவனுமான பரமாத்மாவுக்குத் துக்கம் எங்ஙனம் பொருந்தும் என்று வினவுவர். ஆதலின் தயையாவது பரதுக்க நிராசிகீர்ஷை, அதாவது பிறர் துன்பத்தை நீக்க வேண்டும் என்னும் இச்சை என்பது அவர்கள் கொள்கை. தன்னலம் கருதாமல் பிறர் துயரைப் பொறுக்கமாட்டாமையே காருண்யம் என்று இரண்டையும் அணைத்துச் செல்லும் விளக்கமும் உண்டு.

எம்பெருமான் விஷயத்தில் இது தத்துவ விசாரம். திண்ணையில் பூனை கிடக்கும்போது இது அன்றாட விசாரம் ஆகிவிடுகிறது. வருந்தினால் போதுமா? நீக்க முயல வேண்டுமா? ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே சென்று கதவடைப்பவனுக்கும் தயை உண்டு என்று முதல் இலக்கணத்தைக் கொண்டு யாரேனும் வாதிட்டால், அந்த இலக்கணத்தை அருளிய பெரியோர் திருவுள்ளம் அதனை ஏற்குமா? ஏற்காது. உண்மையாகவே துன்புறுபவனின் கை தானே நீளும். தன் காலில் முள் தைத்தவன், முள்ளை எடுப்பது கடமையா என்று நூலைப் புரட்டுவதில்லை. பிறர் காலின் முள் தன் காலில் தைத்தது போல் நோவதே பரதுக்க துக்கித்வம் எனின், நீக்கும் இச்சை அதனின்றும் பிரிக்கலாகாதது.

பராசர பட்டர் காட்டு வழியில் ஒரு வேடனைச் சந்தித்த வரலாறு சம்பிரதாயத்தில் பிரசித்தம். அவ்வேடன் ஒரு முயற்குட்டியைப் பிடித்தான். தாய்முயல் அவனைப் பின்தொடர்ந்து வந்து எதிரில் விழுந்தது. அது கண்டு இரங்கிய அவன் குட்டியை விட்டுவிட்டான். இதைக் கேட்ட பட்டர் மயங்கி விழுந்தார். சாஸ்திரம் அறியாத கொலைத்தொழிலாளனே ஒரு பிராணியின் சரணாகதிக்கு இப்படி உருகுவானாகில், சர்வலோக சரண்யன் எப்படி உருகுவான் என்பது அவர் ஈடுபட்ட இடம். உபந்யாசகர்கள் இவ்விடத்தில் எம்பெருமானின் பெருமைக்குச் சென்றுவிடுவார்கள், அது தக்கதே. ஆனால் வேடனை அவ்வளவு விரைவில் விட்டுச் செல்லலாகாது. வேடனுக்கு வேட்டையே வாழ்வு. அவன் கையிலிருந்து விட்டது பொழுதுபோக்கை அன்று. ஜீவனத்தில் ஒரு பங்கை. அவனும் பொருள் முடைப்பட்டவனே.

கர்ம வாதத்துக்கு வருவோம். பூனையின் துன்பம் அதன் பூர்வ கர்ம பலன் என்பதில் ஆஸ்திகருக்கு ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து ‘ஆகவே தலையிடலாகாது’ என்னும் முடிவு எங்ஙனம் வரும்? சொந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அதுவும் கர்ம பலன்தான். அன்று மருத்துவரிடம் ஓடினார்களே. பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்தாளே! கர்மத்தைத் தனக்கு வேண்டாதபோது மட்டும் எடுத்துப் பேசுவது சாஸ்திர ஞானமன்று, சௌகரியம். மேலும் அப்பூனைக்குப் புண் வந்தது அதன் கர்மத்தால் என்றால், பத்து வீட்டுத் திண்ணைகள் இருக்க இந்த வீட்டுத் திண்ணைக்கு அது வந்தது எவருடைய கர்மத்தால்? பிராரப்தம் ஒருவனுக்கு நோயைத் தருவது போலவே மற்றொருவனுக்கு மருந்திடும் சந்தர்ப்பத்தையும் தரக்கூடும்.

வறுமை வாதம் இதனினும் வலியது. அதற்குச் சாஸ்திர பலமும் உண்டு. மனு ஸ்மிருதி பதினோராம் அத்தியாயம், தன்னைச் சார்ந்தவர்கள் துன்பத்தில் வாழும்போது வெளியாருக்கு வழங்குபவனின் செயல் தர்மமன்று, தர்மத்தின் போலி என்கிறது. நாவில் தேனாகவும் உள்ளே சென்றபின் நஞ்சாகவும் இருக்கும் என்றும் எச்சரிக்கிறது. ஊரில் தர்மவான் என்று பெயரெடுத்துவிட்டு வீட்டில் குழந்தையைப் பட்டினி போடுபவர்களைக் கண்டவர்களுக்கு இவ்வெச்சரிக்கையின் அருமை தெரியும். இதன்படி மகளின் தேர்வுக் கட்டணத்தில் கை வைக்கலாகாது. அது அவளுடைய உரிமை. பூனையின் புண்ணைக் காட்டி அவளுடைய ஓர் ஆண்டைப் பறிப்பது தயை ஆகாது.

இங்கே ரந்திதேவனின் சரிதத்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தத்தில், 48 நாள்கள் நீரும் இன்றிக் குடும்பத்துடன் வாடிய அம்மன்னன், அதன்பின் கிடைத்த உணவை வந்த விருந்தினருக்கு எல்லாம் பகிர்ந்தான். நாய்களுடன் வந்தவனுக்கும் நாய்களுக்கும் வணக்கத்துடன் வழங்கினான். எஞ்சிய தண்ணீரையும் தாகத்தால் வருந்தியவனுக்கு ஈந்தான். அது சிகரம். சிகரத்தைத் தொழலாம். மற்றவர் வயிற்றைக் கொண்டு அதில் ஏற முயலலாகாது. பட்டினியைத் தானே ஏற்பவன் தியாகி. தன் குழந்தைக்குப் பட்டினியை விதிப்பவனை எப்பெயரால் அழைப்பது?

இன்னொரு சரிதமும் எதிர்வாதமாகக் கூறப்படுவதுண்டு. கண்டகி நதிக்கரையில் தவம் செய்த பரதன், வெள்ளத்தில் விழுந்த மான்குட்டியை எடுத்து வளர்த்து, அதன் நினைவாகவே உயிர் நீத்து மானாகப் பிறந்தான். ஆகவே பிராணிகளிடம் அன்பு பந்தத்துக்கு ஏது என்பர். பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தை முழுதும் படிப்போர் இவ்வாறு கூறமாட்டார். நீரில் தத்தளித்த குட்டியைக் கரையேற்றியது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. பின்னர் மாலை சாத்துவதையும் ஆராதனத்தையும் நியமங்களையும் ஒவ்வொன்றாக விட்டு, குட்டி எங்கே எங்கே என்று திரிந்ததே குற்றம். புண்ணுக்கு மருந்திடுவது வேறு, ‘என் பூனை’ என்னும் மமகாரம் வேறு. மருந்திட்டபின் அது கொல்லை வழியே போய்விட்டால் போகட்டும் என்று இருக்க முடிந்தவனுக்கு பரதனின் கதி நேராது.

மிகக் கடினமான இடம் மஞ்சள் துணி முடிப்பு. பாட்டி சொன்னாள்: “பெருமாள் காத்திருப்பார். புண் காத்திருக்காது. அதை அவிழ்த்துக் கொடு.” கேட்பதற்கு உருக்கமான சொல். கோயில் கைங்கர்யத்தில் உள்ளவர் அதை உடனே ஏற்க இயலாது. முடிந்த காசு எம்பெருமானுக்கு ஆயிற்று. அதனை அவிழ்த்துத் தானம் செய்வது பிறர் பணப்பையிலிருந்து எடுத்துப் புண்ணியம் தேடுவது போலாகும். பாட்டியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சேதன அசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பதே உடையவர் நிலைநாட்டிய சித்தாந்தத்தின் உயிர்நிலை. மாலை திருமார்புக்கு, மருந்து வேறோர் அங்கத்துக்கு. இரண்டும் ஒரே சரீரிக்கு அன்றோ? பாகவதம் மூன்றாம் ஸ்கந்தத்தில் கபில பகவான் தம் தாயாருக்கு உபதேசிக்கையில், எல்லா உயிர்களிலும் உறையும் தம்மைப் புறக்கணித்து அர்ச்சையை மட்டும் ஆராதிப்பவனின் வழிபாடு சாம்பலில் சொரிந்த ஆகுதி போன்றது என்று கடுமையாகவே கூறுகிறார். அர்ச்சகர்கள் இவ்விடத்தைச் சற்று விரைவாகப் பாராயணம் செய்துவிடுவது வழக்கம்.

முடிவு எவ்வாறு கொள்வது? எஜமானின் பொருளை எங்கே செலவிடுவது என்று வேலைக்காரன் தீர்மானிக்கலாகாது என்பது பொது விதி. வேறு வழி அறவே இல்லாமல் ஓர் உயிர் துடிக்குமானால், திருமுன் விண்ணப்பித்துக் கடனாக எடுத்து, எடுத்ததை எழுதி வைத்து, பின்னர் முழுதும் திரும்ப முடிவது ஆபத்துக்காலத்தில் தோஷமாகாது. ஆனைக்காக அரைகுலைய ஓடிவந்தவன், பூனைக்காக எடுத்த காசுக்கு வழக்காடமாட்டான். வேறு வழி இருக்கிறதா என்று தேடாமலே முடிப்பில் கை வைப்பதுதான் தவறு. பெரும்பாலும் வேறு வழி இருக்கவே செய்கிறது.

ஏனெனில் சிகிச்சையில் பெரும்பங்கு பணத்தால் ஆவதன்று. கையாலும் பொறுமையாலும் ஆவது. ஆண்பூனைகள் சண்டையிடும்போது மெல்லிய கூர்ம்பற்கள் ஆழமாகப் பதிகின்றன. மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டிச் சில நாள்களில் வீங்கி உடைகிறது. உடைந்த புண்ணை, ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து 9 கிராம் உப்புக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியபின் தூய பழந்துணியில் நனைத்து மெல்லக் கழுவலாம். பழைய துண்டால் உடலைச் சுற்றி, தலை மட்டும் வெளியில் தெரியும்படி ஒருவர் பிடிக்க, மற்றவர் கழுவ வேண்டும். மூடியுள்ள ஒரு கூடை, நிழல், தண்ணீர், மென்மையான உணவு ஆகியவை எவ்வளவு வறிய இல்லத்திலும் கிடைப்பவை.

நல்லெண்ணத்தால் தீங்கு செய்துவிடவும் கூடாது. மனிதருக்குப் பயன்படும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. அதன் ஈரல் அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற வல்லதன்று. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். டெட்டால், பினாயில் போன்றவற்றைப் பூனையின் புண்ணில் ஊற்றலாகாது. அது நக்கும், நக்கினால் கேடு. புழு வைத்த புண்ணுக்குக் கற்பூரத் தைலமும் மண்ணெண்ணெயும் ஊற்றும் பழைய பழக்கமும் ஆபத்தே. புழு இருந்தாலும், உண்ணாமல் சோர்ந்திருந்தாலும் கால்நடை மருத்துவரிடமே கொண்டு செல்ல வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்கள் மாடு ஆடுகளுக்கு மட்டும் உரியன என்று எண்ணிப் பலர் செல்வதில்லை. பூனையையும் அங்கே காட்டலாம், பெருஞ்செலவு நேராது. சென்னையில் உள்ளோருக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு.

மருந்திடுபவர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். வலியில் இருக்கும் பிராணி நன்றி அறியாது, கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அதற்குக் கட்டணமில்லை. ‘பூனை கீறியதற்கா ஊசி’ என்று இருந்துவிடுதல் அறியாமை. வெறிநோய் கண்டபின் மருந்து பயன்படுவதில்லை. மடி ஆசாரம் கெடுமே என்னும் கவலை மடைப்பள்ளிக் கைங்கர்யபரருக்கு இயல்பு. நீராடி வேறு வேட்டி உடுத்தால் தீர்ந்தது. நீராட்டத்துக்குக் காசு இல்லை.

இவையெல்லாம் புண் ஆறக்கூடியதாக இருந்தால். எலும்பு நொறுங்கி அறுவைச் சிகிச்சை வேண்டும், அதற்கான தொகை அந்த இல்லத்தின் மூன்று மாத வருவாய் என்று மருத்துவர் கூறினால்? அப்போது அக்குடும்பம் கடன்பட்டு அழிய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. கடமை அங்கே வீதிக்கு மாறுகிறது. பூனை ஒரு வீட்டினுடையதன்று எனில், அதன் புண்ணும் ஒரு வீட்டினுடையதன்று. உற்சவத்துக்கு வீடுதோறும் சந்தா திரட்டும் வீதி, ஒரு பூனையின் காலுக்கு வீட்டுக்குப் பத்து ரூபாய் திரட்டாதா? 1959-இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளும் உள்ளன. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. உயிர்களிடம் கருணை காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976-இன் திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. கிருஹஸ்தன் நாள்தோறும் செய்யவேண்டிய பஞ்ச மகா யஜ்ஞங்களில் பூத யஜ்ஞம் ஒன்று. நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் தரையில் அன்னம் வைக்கச் சொன்னது ஸ்மிருதி. அரசியலமைப்பு பின்னர் எழுதியதை அம்மி அருகே ஒரு பிடி அன்னம் முன்னரே எழுதியிருந்தது.

வீதியும் கைவிட்டது, அமைப்பும் எட்டவில்லை என்றால் என் செய்வது? காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியும், சுவாமிமலைக்கு அருகே புள்ளபூதங்குடியும் சேவித்த யாத்திரிகர்கள் ஜடாயுவின் சரிதத்தை நினைவுகூர்வார்கள். அன்று இராமபிரானின் நிலை என்ன? நாடு இல்லை, தந்தை இல்லை, பிராட்டியையும் இழந்த வேளை. வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. சிறகு அறுபட்ட அந்தப் பறவையை அவனால் பிழைப்பிக்கவும் இல்லை. தன் தேடலை நிறுத்தி அதனைத் தழுவினான். அது பேசி முடிக்கும்வரை உடனிருந்தான். தந்தைக்குச் செய்ய இயலாத ஈமக்கடனைப் பறவைக்குச் செய்தான். நீக்கும் இச்சைக்கு வழியில்லாமல் போகும் இடத்தில் உடன் துன்புறுதல் மட்டும் எஞ்சுகிறது. இரு கலையார் கூறும் இரு இலக்கணங்களும் அவ்விடத்தில் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொள்கின்றன போலும். ஒன்றும் செய்ய இயலாதவனின் வருத்தம் வீண் என்று எண்ணுவோர், அக்கானகத்தில் கிடந்த கழுகைக் கேட்க வேண்டும்.

அந்த மாடவீதி இல்லத்தில் காரியம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. தேர்வுக் கட்டணத்தை ஒருவரும் தொடவில்லை. மஞ்சள் முடிப்பும் அவிழவில்லை. மகளும் தாயும் மூடிக் கூடையில் பூனையை வைத்துப் பேருந்தில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றனர்; மருத்துவர் புண்ணைத் துப்புரவாக்கி ஓர் ஊசி போட்டார்; வெளியில் வாங்கவேண்டிய மருந்துக்குச் சீட்டு எழுதினார். அத்தொகை எங்கிருந்து வரும் என்னும் பேச்சு மாலையில் எழுந்தது. கர்மம் என்று காலையில் சொன்னவர் சற்று நேரம் விசிறியை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, பதினைந்து நாள்களுக்குத் தமக்கு இரண்டாம் காப்பி வேண்டாம் என்றார். மடைப்பள்ளியின் புகையில் நின்று திரும்பும் ஒருவருக்கு இரண்டாம் காப்பி எத்தகையது என்பதை ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

பாட்டிக்கு மட்டும் சிறு மனத்தாங்கல். முடிப்பை அவிழ்க்கச் சொல்லியும் கேளாமல் போனார்களே என்று இரண்டு நாள் பேசவில்லை. பின்னர் வெந்நீரில் உப்புக் கரைக்கும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். திருத்தேர் அன்று வீதியெல்லாம் கூட்டம். மேளமும் வேட்டும் கேட்டு அஞ்சி, புண் மூடத் தொடங்கியிருந்த அப்பூனை கூடையிலிருந்து குதித்துக் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டது. அன்று இரவு அது வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாத்திரையில் நான்கு மிச்சம் இருந்தது. தலைவர் அவற்றைக் காகிதத்தில் மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைத்தார். பாட்டி கூடையின் மூடியைத் திறந்து வைத்து, கொல்லைக் கதவைத் தாழிடாமல் படுத்துக்கொண்டார்.